கூடாரக் கம்புகள்

ஏற்றத்தில் யாரும் பேசுவதில்லை.
சங்கிலி மட்டும் பேசும்,
அதுவும் ஒரே சொல்லை.

தாலாய் முன்னால். எப்போதும் முன்னால்.
அவன் முதுகில் வியர்வை
ஒரு நாட்டின் வரைபடமாய்ப் பரவி
எல்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தது.
நடுவில் பெகிமாய்.
யாரோ ஜெர்மன்காரன் கராகோலில் விட்டுப்போன சைக்கிள் அவளுடையது,
பிரேக்கைப் பிடித்தால்
வாலை மிதிபட்ட பூனையாய்க் கத்தும்.
கடைசியில் நானும் எர்மெக்கும்,
தள்ளிக்கொண்டு.
அவனுக்கு முழங்கால் வலியாம்.
எனக்கு எதுவும் வலிக்கவில்லை,
முதுகுப்பைதான் கனத்தது.

மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் என்றது போன்.
மூச்சு வேறு கணக்குச் சொன்னது.
கணவாயில் ஜூலை மாதத்துப் பழம்பனி,
அழுக்காய், கல்லுப்பாய்.
அதில் மல்லாந்து படுத்த தாலாய்
நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.
படம் எடுக்கட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றான்.

பிறகு இறக்கம்.
கற்கள் வந்தன, நாங்கள் போனோம்.
அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.
கைப்பிடி நடுங்கி நடுங்கி
மணிக்கட்டு இன்னொருவருடையதாயிற்று.
கண்ணில் வந்த நீர் காதுக்குள் போயிற்று.
மர்மோட் ஒன்று, தடித்த அணில் மாதிரி,
வளைவாசலில் நின்று விசிலடித்து
ஊருக்கெல்லாம் எங்களைக் காட்டிக்கொடுத்தது.
ஓடையில் விழுந்தாள் பெகிமாய்.
எழுந்து, முழங்கையைத் திருப்பிப் பார்த்து,
"வெறும் தோல்தான்" என்றாள்,
யாருடைய தோலோ போல.

சாயங்காலம் ஆற்றோரம் கூடாரத்தைப் பிரித்தோம்.
துணி இருந்தது.
முளைகள் இருந்தன, கயிறு இருந்தது.
கம்புகள் இல்லை.

உன் பையில்தானே.
இல்லை, உன் பையில்.
நேற்று ராத்திரி யார் கட்டியது?
மேற்கே மேகம் கறுத்து
எங்கள் சண்டையைக் கேட்க
ஒரு மலை அருகில் வந்து உட்கார்ந்தது.

நான் பையைத் திறந்தேன்.
டவலையும் ஸ்வெட்டரையும் உருவி எறிந்தேன்.
அடியில்,
நான்கு கிலோ தர்பூசணி.

கம்புகள் வீட்டில், ஷூ அலமாரிக்குப் பின்னால்.
இரண்டுக்கும் இடமில்லை.
தாலாய்க்குத் தர்பூசணி பிடிக்கும்.
வியாழக்கிழமை அவன் கொரியாவுக்குப் போகிறான்,
மீன் டப்பா செய்யும் ஆலைக்கு.
அங்கே பழம் விலை அதிகம் என்று
யாரோ சொன்னார்கள்.

ஒருவரும் பேசவில்லை.
"எனக்குத் தெரியும்" என்றான் எர்மெக்,
"காலையில் ஜிப்பை இழுத்து மூடியதே நான்தான்."
முழங்காலைப் பிறகு அவன் ஒருமுறைகூடத் தடவவில்லை.
தாலாய் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்,
பழத்தைப் பார்த்தா என்னைப் பார்த்தா தெரியாது,
சிரித்தான்,
பழத்தை ஆற்றில் கற்களுக்கிடையே குளிரவைத்தான்.

நான்கு சைக்கிளையும் தலைகீழாய் நிறுத்தி
சக்கரத்தோடு சக்கரம் கட்டி
மேலே துணியைப் போர்த்தினோம்.
கல்யாண வீட்டுப் பந்தலில்லை,
என்றாலும் நின்றது.
தாலாயின் சைக்கிள் விற்றாயிற்று,
டிக்கெட்டுக்கு.
திங்களன்று வந்து எடுத்துப் போவார்கள்.
அன்றிரவு எங்கள் கூரையின் வடக்கு மூலையைத்
தாங்கியது அதுதான்.

ஆலங்கட்டி கொட்டியது.
பெடல் என் விலாவில்.
பெகிமாயின் ஈரமுடி என் வாயில்.
தூக்கத்தில் எவனோ காலை நீட்ட,
தலைக்கு மேல் பின்சக்கரம் ஒன்று
டிக் டிக் டிக் டிக் என்று
எங்கும் போகாமல் வெகுநேரம் ஓடியது.
நான் விழித்திருந்தேன்.
அவனும்தான் என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் குதிரைமேல் ஒரு பையன்,
பின்னால் ஆடுகள்.
வானம் பார்த்த எட்டுச் சக்கரங்களையும் பார்த்துவிட்டு
"செத்துப்போச்சா?" என்றான்.
"தூங்குது" என்றான் தாலாய்,
மோவாயில் ஒரு விதை ஒட்டியிருக்க,
மீந்த பழத்தோலை நீட்டினான்.

குதிரை தின்றது.
அதற்கு அவசரமில்லை.